கவுண்டி நீதிபதிக்குத் தேர்தல் எதற்கு? (கலிபோர்னியா)

கதிரவன்: கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட் (ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது மாவட்டத்திலும், இருக்கும் விசாரணை நீதிமன்றம்) நீதிபதிக்கு 6 வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். இதை எடுத்துவிட வேண்டும். 2006 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் 20 வருஷம் நீதிபதியாக இருந்த ஜின்ட்ரா யானவ்ஸ், பேகல் கடை நடத்திய லின் ஓல்சனிடம் தோற்றார். கவுண்டி வக்கீல் சங்கம் யானவ்ஸுக்கு உச்ச மதிப்பீடும் ஓல்சனுக்கு 'தகுதியில்லை' என்றும் கொடுத்திருந்தது. யானவ்ஸ் என்ற லாட்வியப் பெயர்தான் காலை வாரியது என்று அப்போதே பேச்சு.

மீனா: ஓல்சனும் வக்கீல்தான்; 10 வருஷமாவது பதிவு பெற்ற வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருக்காமல் நிற்கவே முடியாது. தோற்றவரை கவர்னர் ஷ்வார்ஸ்னெகர் கையோடு திரும்ப நியமித்தார், அதைச் சொல்லவில்லையே! இடம் காலியானால் நிரப்புவது கவர்னர். பதவியில் இருப்பவரை எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் அவர் பெயர் வாக்குச் சீட்டிலேயே வராது. நீதிபதி ஆரன் பெர்ஸ்கி 2016 ஜூனில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை வழக்கில் 6 மாதம் மட்டும் தண்டனை கொடுத்தார். அதே மாதத் தேர்தலில் போட்டியே இல்லாததால் அவருக்கு இன்னொரு 6 வருஷம். மக்களுக்கு மிஞ்சியது திரும்ப அழைக்கும் ஓட்டு ஒன்றுதான். 2018 ஜூனில் அதைப் போட்டு அவரை நீக்கினார்கள்.

கதிரவன்: அந்தத் தண்டனை சட்டத்துக்கு உட்பட்டதுதான். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையும் மாநிலச் சிறையை அல்ல, கவுண்டி ஜெயிலைத்தான் சொன்னது. நீதிபதிகளை விசாரிக்கும் ஆணையமும் குற்றமில்லை என்றது. சட்டத்தில் ஓட்டை என்றால் சட்டசபை அடைக்கட்டும். 2016லேயே அடைத்தும் விட்டது. பிறகும் ஆளை நீக்கினால் மற்ற நீதிபதிகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? குறைந்த தண்டனை கொடுத்தால் வேலைக்கு உலை என்றுதான். அதன் பாரம் வக்கீலுக்குக் காசில்லாத ஏழைகள் தலையில்தான் விழும். பெர்ஸ்கியை நீக்கக்கூடாது என்று ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் வக்கீல்கள் பலர் சொன்னது அதனால்தான்.

சேகர்: கோளாறு வாக்குச் சீட்டிலேயே இருக்கிறது. கட்சிப் பெயர் கிடையாது. பெயருக்குக் கீழே தொழிலைச் சொல்ல 3 வார்த்தைதான். எந்த நீதிபதியின் இடத்துக்குப் போட்டி என்பதை எதிர்ப்பவரே தேர்ந்தெடுக்கலாம். போட்டியிட, அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 1 சதவீதம் கட்டினால் போதும். பலவீனமாகத் தெரியும் பெயருக்குக் குறி வைக்கலாம் அல்லவா? மாற்று வழி அரசியல் சாசனத்திலேயே உண்டு: ஒரு கவுண்டி வாக்காளர்கள் பெரும்பான்மையில் ஒப்புக்கொண்டால், மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு இருப்பது போல கவர்னர் நியமனம், பிறகு அவர் தொடரலாமா என்று மக்களின் 'ஆம்/இல்லை' ஓட்டு.

மீனா: 'ஆம்/இல்லை'யில் போட்டியாளரே இல்லை, பெரும்பாலும் 'ஆம்'தான் விழும்.

கதிரவன்: அயோவா மாநிலத்தில் இருப்பதும் 'ஆம்/இல்லை'தான். ஒருபாலின திருமணத் தீர்ப்புக்காக 2010ல் 3 உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.