ஆறு பேருக்கு ஆர்.வி.: டிரெய்லரா, கிளாஸ் சி-யா?

நெல்லைக்காரன்:
டாலஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். மே மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். நான், மனைவி, பையனுக்கு 9, பாப்பாவுக்கு 3, ஆக ஆறு பேர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய்வர ஆசை. அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு சர்க்கரை, இரவில் மூன்று தடவையாவது எழுந்திருப்பார், ஹோட்டல் சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் இருவருக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் இருக்கிற ஆர்.வி. வண்டி வாங்கலாம் என்று யோசனை. வீட்டில் 2021 டொயோட்டா ஹைலேண்டர் வி6 கார் இருக்கிறது, 5,000 பவுண்டு எடை இழுக்கும் என்கிறார்கள். ஆறு பேர் படுக்கிற மாதிரி 4,200 பவுண்டு எடையில், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா, இல்லை தானே ஓடுகிற கிளாஸ் சி வண்டி பார்க்கவா? கிளாஸ் ஏ வேண்டாம், பஸ் மாதிரி இருக்கிறது, பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

டீசல்புகை:
சகோ, அந்த 4,200 காலி வண்டியின் எடை. தண்ணீர் ஒரு கேலனே 8.3 பவுண்டு, 40 கேலன் நிரப்பினால் அதிலேயே 330 பவுண்டு போச்சு. அப்புறம் கேஸ், பேட்டரி, பாத்திரம், அரிசி மூட்டை, அம்மாவின் பெட்டி. 5,000-ஐ வீட்டு வாசலிலேயே தொட்டுவிடுவீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக உங்கள் கார் மேலேயே உட்காரும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஸ்டிக்கர் இருக்கும், அந்த எண்ணில் இந்த 500 பவுண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தில் ஆறு பேரை ஏற்றிப் பாருங்கள். ஏறமாட்டார்கள். ஓடும்போது தாத்தாவை டிரெய்லரில் படுக்க வைக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம், பெரும்பாலான மாநிலங்களில் அது சட்டப்படி தப்பு. எஃப்-150 மாதிரி டிரக் இருந்தால் வேறு கதை.

அடுப்பங்கரை:
நாங்கள் போன வருடம் 28 அடி கிளாஸ் சி வாடகைக்கு எடுத்து மாமனார் மாமியாரோடு யூட்டா சுற்றினோம். பெரியவர்களுக்குப் பின்பக்கக் கட்டில், கழிவறைக்கு இரண்டே எட்டு. டிரைவர் தலைக்கு மேல் இருக்கிற பரணில் பையன் ஏறிக்கொண்டான், முட்டிவலிக்காரர்கள் அந்த ஏணியை நினைத்தே பார்க்கக் கூடாது. பாப்பாவின் கார் சீட்டை முன்னோக்கி இருக்கிற டைனிங் பெஞ்சில்தான் கட்ட வேண்டும், பக்கவாட்டு சோஃபாவில் கூடாது. பல வண்டிகளில் கார் சீட்டின் மேல்பட்டையை மாட்டக் கொக்கியே கிடையாது, வண்டியை எடுக்கும் முன் நீங்களே கையை விட்டுத் தேடிப் பாருங்கள்.

சமையல் பற்றி: யெல்லோஸ்டோன் ஏரிப் பக்கம் 7,700 அடி உயரம், குக்கர் இல்லாமல் சோறு வேக ரொம்ப நேரமாகும். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும், முதல் நாள் காலையில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். முகாமின் 30 ஆம்ப் கரண்ட் இணைப்பில் ஏசி, மைக்ரோவேவ், மிக்ஸி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் டப்பென்று போய்விடும். எங்கள் வண்டியில் வெந்நீர் டேங்க் ஆறு கேலன்தான், இரண்டு பேர் குளித்ததும் மூன்றாவது ஆளுக்குச் சில்லென்று வரும் (அது எப்போதும் நானாகத்தான் இருந்தேன்). கழிவுநீர் வேலை யாருடையது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். முதலில் கழிவறைக் கழிவு சேரும் கறுப்பு டேங்கைக் காலி செய்ய வேண்டும், பிறகு குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் டேங்க். மாற்றிச் செய்தால் குழாயைக் கழுவ ஒன்றும் மிஞ்சாது.

ஊர்சுற்றி:
வண்டியை முடிவு செய்யும் முன் தங்கும் இடத்தைப் பாருங்கள். யெல்லோஸ்டோன் உள்ளே தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்றும் இருக்கிற ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ். கரடி நடமாட்டம் உள்ள இடம், அதனால் கெட்டியான சுவர் உள்ள வண்டிக்குத்தான் அனுமதி, துணிச்சுவரை விரித்து நிறுத்துகிற பாப்-அப் டிரெய்லர் கூடாது. அப்படியே க்ளேசியர் தேசியப் பூங்கா பக்கமும் போகலாம் என்று ஆசை வந்தால், அங்கே கோயிங்-டு-தி-சன் மலைப்பாதையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள்.

சொந்தமாக வாங்குவது பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பு. வருடத்துக்குப் பத்து நாள் ஓட்ட ஒரு வண்டி, மிச்ச நாளெல்லாம் அதை எங்கே நிறுத்துவீர்கள்? பிரிஸ்கோவில் பல குடியிருப்புகளில் எச்.ஓ.ஏ. என்கிற வீட்டுக்காரர் சங்கம் வாசலில் நிறுத்த விடாது, வெளியே மாதவாடகை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கூரை ஒழுகினால் அது தனிச் செலவு. என் பழைய டிரெய்லர் ஒழுகியே செத்தது.

நெல்லைக்காரன்:
டிரெய்லரை விட்டுவிட்டேன். ஸ்டிக்கரைப் பார்த்தேன், டீசல்புகை சொன்னது சரி. வேனுக்குள்ளேயே படுக்கை அமைத்த கிளாஸ் பி வண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, ஓட்ட சுலபம் என்கிறார்களே?

டீசல்புகை:
சுலபம்தான், டீசல் வேன் கேலனுக்கு 15 மைல்கூடக் கொடுக்கும். ஆனால் அது இரண்டு பேருக்கான வண்டி, நான்காவது ஆள் படுத்தாலே கதவு திறக்காது. கிளாஸ் சி 8 முதல் 10 மைல். போக வர, உள்ளே சுற்ற என்று 3,000 மைல் வைத்தால் 330 கேலன் பெட்ரோல், வாடகையோடு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மைலுக்குத் தனிக் காசா, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

நெல்லைக்காரன்:
சரி, வாடகைக்கே போகிறோம். ஏப்ரலில் ஒரு சனி ஞாயிறு பக்கத்து ஏரிக்கரையில் நாங்கள் நாலு பேர் மட்டும் எடுத்துப் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அம்மாவிடம் போனில் சொன்னேன், கிரைண்டர் வைக்க இடம் இருக்கிறதா என்கிறாள்.

அடுப்பங்கரை:
மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்கள். டப்பாவைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கொலராடோ மலை ஏறும்போது பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்தது எங்களுக்கு.