43 மார்க் வாங்கியும் தம்பி வேதியியலில் ஃபெயில். எப்படி? இனி என்ன செய்வது?

மல்லிப்பந்தல் (மே, ரிசல்ட் வந்த அன்று இரவு)

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஊர். தம்பி பிளஸ் டூ, தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம், கணிதம் - கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்று காலை ரிசல்ட் பார்த்தோம். தமிழ் 74, ஆங்கிலம் 58, கணிதம் 71, இயற்பியல் 64, கம்ப்யூட்டர் சயின்ஸ் 83, வேதியியல் 43. மொத்தம் 393. ஆனால் வேதியியலுக்கு நேரே ஃபெயில் என்று காட்டுகிறது.

35 எடுத்தால் பாஸ் என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள்? நான் படித்தபோதும் அதுதான். இவனுடைய கூட்டாளி அதே வேதியியலில் 38 வாங்கிப் பாஸ். 43 வாங்கியவன் ஃபெயில். இணையதளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து நாலு தடவை திறந்து பார்த்துவிட்டோம், மாறவில்லை.

அப்பா ஒன்றும் பேசவில்லை, லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தம்பி மாடியில் இருக்கிறான், சாப்பிடவில்லை. அவனுக்கு இன்ஜினியரிங் ஆசை. இது தவறா, சரியா? தவறு என்றால் யாரிடம் கேட்பது? சரி என்றால் இந்த வருஷம் போனதுதானா?

கடைசி பெஞ்ச்

சிஸ்டம் எரர் அக்கா. பள்ளியில் போய் ஹெச்.எம்.மிடம் கேளுங்க, மாத்திக் குடுத்துடுவாங்க.

கரும்பலகை

மேலே 'கடைசி பெஞ்ச்' தம்பி சொல்வது சரியில்லை. ஹெச்.எம். மாற்றித் தரக்கூடிய விஷயம் இல்லை இது. நான் பத்தொன்பது வருஷமாக மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். முதலில் ஒரு விவரம் சொல்லுங்கள். ரிசல்ட் பக்கத்தில் மொத்தத்துக்கு முன்னால் தியரி, செய்முறை, அகமதிப்பீடு என்று மூன்று கட்டம் இருக்கும். வேதியியலுக்கு அந்த மூன்றும் எவ்வளவு?

இன்னொன்று. பிளஸ் ஒன்னில் ஏதாவது பாக்கி இருக்கிறதா? மறைக்காமல் சொல்லுங்கள், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிய செட் என்றால் அதையும் சேர்த்து முடித்தால்தான் மேல்நிலைப் படிப்பு முடிந்த கணக்கு.

மல்லிப்பந்தல்

சார், பிளஸ் ஒன் எல்லாம் பாஸ். வேதியியல் தியரி 13, செய்முறை 20, அகமதிப்பீடு 10.

கரும்பலகை

நினைத்தேன். கோளாறு எதுவும் இல்லை மா. ரிசல்ட் சரிதான்.

செய்முறை உள்ள பாடத்துக்கு 100 மார்க் இப்படிப் பிரியும்: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாஸ் ஆக இரண்டு நிபந்தனை. மொத்தம் 35 வர வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 70க்கு 15 வர வேண்டும். தம்பி முதல் படியைத் தாண்டிவிட்டான், இரண்டாவதில் 2 மார்க்கில் விழுந்துவிட்டான். 38 வாங்கிய பையன் எழுத்தில் 15க்கு மேல் வாங்கியிருப்பான், செய்முறையில் குறைந்திருப்பான். அவ்வளவுதான்.

(செய்முறை இல்லாத பாடத்துக்கு 90, 10 என்று பிரியும். அங்கே எழுத்தில் 90க்கு 25 வேண்டும், மொத்தம் 35. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பிளஸ் டூ வந்த பிறகும் இது தெரியாத பெற்றோர் எத்தனையோ பேர். சில சமயம் பிள்ளைகளுக்கே தெரியாது. செய்முறையில் முழுசா வாங்கிட்டேன் சார், அஞ்சு மார்க் எடுத்தாப் போதும் என்று என்னிடமே சொன்னவன் உண்டு.)

வருஷம் போகவில்லை. ஜூன் கடைசி வாக்கில் துணைத்தேர்வு வரும். செய்முறையும் அகமதிப்பீடும் முழு மார்க் இருப்பதால் அவன் அந்த எழுத்துத் தேர்வை மட்டும் எழுதினால் போதும். முதலில் தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மல்லிப்பந்தல்

ரொம்ப நன்றி சார். இரண்டு மார்க் என்று கேட்டதும் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மறுமதிப்பீடு போடலாமா? பள்ளி ஆபீஸில் ஒருவர், மறுமதிப்பீடு போட்டால் துணைத்தேர்வு எழுத விடமாட்டார்கள், ஏதாவது ஒன்றுதான் என்கிறார்.

பேருந்து நிலையம் பக்கத்தில் உள்ள ஒரு டுடோரியலில் விசாரித்தோம். ஒரு பாடத்துக்கு 18,000 கேட்கிறார்கள், பாஸ் நிச்சயமாம்.

இசேவை அண்ணன்

இரண்டும் தனித்தனி விண்ணப்பம் மா. ஒன்று போட்டால் இன்னொன்று கிடையாது என்பதெல்லாம் இல்லை. மறுமதிப்பீட்டு முடிவு கைக்கு வருவதற்குள் துணைத்தேர்வு விண்ணப்பத் தேதி போய்விடும், அதனால் இரண்டையும் போடுவதுதான் புத்திசாலித்தனம். முறை இதுதான்: முதலில் விடைத்தாள் நகலுக்குப் போட வேண்டும். நகல் வந்து பார்த்த பிறகுதான் மறுமதிப்பீடு கேட்க முடியும்.

துணைத்தேர்வுக்குப் பள்ளியில் படித்த பிள்ளைகள் படித்த பள்ளி வழியாகவே பதியலாம். தேதி தவறினால் தத்கல் இருக்கிறது, ஆனால் கூடுதல் பணம். எல்லா அறிவிப்பும் தேர்வுத்துறை இணையதளத்தில் வரும், ஃபார்வர்டு மெசேஜை நம்பாதீர்கள். போன வருஷம் எங்கள் கடைக்கு ஒரு அம்மா கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தார், வாட்ஸ்அப்பில் தப்பான தேதி பார்த்துவிட்டு.

டுடோரியலுக்குப் பணம் கட்டும் முன் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

கரும்பலகை

பாஸ் நிச்சயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். 15 மார்க்குக்கு 18,000 வேண்டாம் மா. கணிதத்தில் 71 எடுக்கிற பையன் அவன், படிப்பு வராத பிள்ளை இல்லை. நகலை வாங்குங்கள், எங்கே போனது என்று பார்ப்போம்.

டிப்ளமோக்காரன்

அக்கா, நான் வேறு வழியில் வந்தவன், அதையும் கேட்டு வையுங்க. பாலிடெக்னிக். பிளஸ் டூ பாஸானால் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ, அப்புறம் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு. அந்தச் சேர்க்கையைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரிதான் நடத்தும். டிப்ளமோ 2, பி.இ. 3, ஆக மொத்தம் 5 வருஷம். நேரடி பி.இ.யை விட ஒரே வருஷம்தான் கூட.

பிளஸ் டூ பாஸாகவே இல்லை என்றாலும் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து டிப்ளமோ முதல் வருஷம் சேரலாம். நான் அப்படித்தான் சேர்ந்தேன். கிளாஸில் எல்லோரும் எனக்கு இரண்டு வயது சின்னப் பசங்க, அண்ணா அண்ணா என்று கூப்பிட்டே டென்ஷன் பண்ணுவாங்க. ஆனால் லேத்தில் கை வைத்து வேலை கற்றுக்கொண்டது அங்கேதான்.

கடைசி பெஞ்ச்

இவ்வளவு சுத்துவானேன்? மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்த்துடுங்க அக்கா. ஃபெயிலானாலும் அரியர் மாதிரி அப்புறம் எழுதிக்கலாம்.

இசேவை அண்ணன்

தம்பி, தயவுசெய்து தெரியாததைச் சொல்லாதே. நிர்வாக ஒதுக்கீடாக இருந்தாலும் பிளஸ் டூ பாஸ் கட்டாயம், குறைந்தபட்ச சதவீதமும் உண்டு. பொதுப்பிரிவுக்கு 45, மற்ற பிரிவுகளுக்கு 40. ஃபெயிலான பையனிடம் இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று முன்பணம் வாங்குபவர்கள் இந்த இரண்டு மாதமும் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மல்லிப்பந்தல், யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கலை அறிவியல் கல்லூரிக்கும் பாஸ்தான் வேண்டும்.

பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து ஏதோ ஒரு திறந்தநிலைப் பட்டம் வாங்கலாம் என்றும் சொல்வார்கள். பின்னால் அரசு வேலைக்கு என்று போனால் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையைக் கேட்பார்கள், அங்கே மாட்டிக்கொள்ளும்.

மல்லிப்பந்தல் (இரண்டு வாரம் கழித்து)

நகல் வந்துவிட்டது. தம்பியும் நானும் உட்கார்ந்து வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

ஒரு மார்க் பதினைந்தில் 7. இரண்டு மார்க் பகுதியில் மொத்தம் 2. மூன்று மார்க் பகுதியில் 3. ஐந்து மார்க்கில் 1. கூட்டல் சரியாகவே இருக்கிறது. ஆனால் எட்டாம் பக்கத்தில் ஆல்டால் குறுக்கம், கன்னிசாரோ வினை இரண்டையும் சமன்பாட்டோடு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறான். மேலே கேள்வி எண் 38 என்று போடுவதற்குப் பதில் 36 என்று போட்டிருக்கிறான்! அதற்குக் குறுக்கே கோடு, பூஜ்யம். 24ஆம் கேள்வியைத் தொடவே இல்லை, 33ஐயும்.

கரும்பலகை

மறுமதிப்பீடு போடுங்கள், அந்தப் பக்கத்துக்காகவாவது. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். எண் எதுவோ அதற்கான விடையைத்தான் திருத்துபவர் தேடுவார்.

24, 33 இரண்டும் கட்டாய வினா. இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகள் ஒவ்வொன்றிலும் ஒன்பதில் ஆறு எழுத வேண்டும், அதில் இந்த எண்ணைத் தவிர்க்க முடியாது. விட்டால் 5 மார்க் அங்கேயே போச்சு. பெரும்பாலும் கணக்காகவோ யோசித்து எழுதுவதாகவோ கேட்பார்கள், பயந்து விட்டுவிடுகிறார்கள். பாதி எழுதினாலும் பாதி மார்க் உண்டு.

இனி ஒரு மாதம். பதினைந்து அலகையும் படிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், சக ஆசிரியர்கள் என்னைத் திட்டினாலும் சரி. இரண்டு தொகுதியிலும் பாடத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மார்க் வினாக்கள் அத்தனையும் கரைத்துக் குடிக்க வேண்டும், அது முதல் வேலை. அப்புறம் உலோகவியல், திட நிலைமை, வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை. இந்த நாலும் கணித மூளைக்கு ஒத்து வரும். கடைசியில் உயிரியல் மூலக்கூறுகளும் அன்றாட வாழ்வில் வேதியியலும், கதை மாதிரி படித்துவிடலாம். கரிம வேதியியலில் பெயர் வினைகள் அவனுக்கு ஏற்கெனவே தெரிகிறது, எட்டாம் பக்கமே சாட்சி.

தினமும் ஒரு பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்து மார்ஜினில் முதலில் எண், அப்புறம்தான் விடை.

மல்லிப்பந்தல்

சரி சார். நாளையிலிருந்து. இன்னொரு சந்தேகம், பாஸானால் கலந்தாய்வு எப்படி? பொதுக் கலந்தாய்வு அதற்குள் ஆரம்பித்துவிடுமே. கட்டணச் சலுகையும் கேட்கிறேன்: அவன் ஆறும் ஏழும் தனியார் பள்ளி, எட்டிலிருந்துதான் அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவானா? முதல் பட்டதாரி சலுகை? நான் பி.காம். முடித்திருக்கிறேன்.

இசேவை அண்ணன்

துணைத்தேர்வில் பாஸானவர்களுக்காகவே பொதுச் சுற்றுகள் முடிந்த பிறகு துணைக் கலந்தாய்வு நடக்கும். அதற்குத் தனியாகப் பதிவு திறப்பார்கள். பெரிய கல்லூரிகளில் இடம் மிச்சம் இருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நல்ல கல்லூரியில் அதிகம் பேர் கேட்காத பிரிவுகள் கிடைக்கும்.

7.5க்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளி வேண்டும். அதனால் வராது. தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைக்கும் அந்த இரண்டு வருஷம் இடிக்கும். முதல் பட்டதாரி என்றால் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, உடன்பிறந்தவர்களும் சேர்த்துத்தான். நீங்கள் பி.காம். என்றால் அதுவும் இல்லை. அப்பாவின் வருமானச் சான்று எடுத்து வையுங்கள், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் உதவித்தொகைக்குக் கேட்கலாம். சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவனுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை, அதற்கு அலைய வேண்டாம்.

மல்லிப்பந்தல்

என் பி.காம். எனக்கும் வேலை வாங்கித் தரவில்லை, அவன் சலுகைக்கும் உலை வைத்துவிட்டது. நடக்கட்டும்.

மல்லிப்பந்தல் (ஜூலை கடைசி)

மறுமதிப்பீட்டில் மார்க் மாறியவர்களின் பட்டியலை முன்பே போட்டார்கள். அவன் பதிவெண் அதில் இல்லை, அதாவது மாற்றம் இல்லை. நல்லவேளை, அதை நம்பி உட்காரவில்லை.

இன்று துணைத்தேர்வு ரிசல்ட். தியரி 38! மொத்தம் 68. கட் ஆஃப் போட்டுப் பார்த்தோம்: கணிதம் 71, இயற்பியலில் பாதி 32, வேதியியலில் பாதி 34. இருநூறுக்கு 137. அப்பா ஒன்றும் பேசவில்லை, ஆனால் வரும்போது வழக்கமாக வாங்காத கடையில் அல்வா வாங்கி வந்தார்.

பதிவு திறந்ததும் துணைக் கலந்தாய்வுக்குப் போடுகிறோம். பாலிடெக்னிக் விண்ணப்பமும் ஒன்று கையில் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருக்கிறேன், டிப்ளமோக்காரருக்கு நன்றி.

கரும்பலகை

ரொம்ப சந்தோஷம் மா. ஒரு உதவி. அந்த எட்டாம் பக்கத்தை, பெயரும் பதிவெண்ணும் மறைத்து எனக்கு அனுப்ப முடியுமா? இந்த வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட வேண்டும். நான் வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மல்லிப்பந்தல்

தம்பி தரச் சொல்லிவிட்டான் சார். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு மார்க் கேள்விகள் எழுதிய முதல் பக்கத்தைக் கேட்கக் கூடாதாம்.