வயசான காலத்தில் எங்கே கிளம்பிட்டீங்க? – உங்கள் அனுபவம்

தஞ்சாவூர்ப்பொண்ணு:
போன வாரம், வெள்ளை போர்டு டவுன் பஸ். கண்டக்டர் ஒரு பாட்டியிடம், "இந்த வயசுல வீட்ல இருக்க வேண்டியதுதானே? என்ன வேலையா போறீங்க?" என்று கேட்டார். பாட்டிக்கு எண்பது இருக்கும். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கை கம்பியை விடவில்லை. "வேலை ஒண்ணும் இல்லைப்பா. என் சிநேகிதியைப் பார்க்கப் போறேன். அவளால வர முடியல, என்னால முடியுது" என்றார். இலவசச் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மடிப்புதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகுதான் எங்கள் தெருப் பாட்டிகள் மகனிடம் காசு கேட்காமல் வெளியே போகிறார்கள். வேலை இருந்தால்தான் போக வேண்டுமா?

மாம்பலம் பென்ஷனர்:
கண்டக்டர், பாட்டி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கேட்டிருக்கலாம், உடனே குற்றம் சொல்ல வேண்டாம். காசை விடப் பஸ் படிதான் பெரிய தடை. அறுபது தாண்டிய எங்களுக்குச் சென்னையில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. ஆனால் ஏற முடிந்தால்தானே? என் வயதுக்காரர் ஒருவர் படியில் காலைத் தூக்கிவைத்தார், திரும்பக் கீழே எடுத்தார், பஸ்ஸை விட்டுவிட்டார். அடுத்து வந்தது தாழ்தளப் பேருந்து. யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். 2024-ல் அவை மறுபடி வந்தன. எல்லாத் தடத்திலும் வேண்டும்.

பிசியோ அக்கா:
என்னிடம் வந்த ஒரு தாத்தா குளியலறையில் விழுந்தவர். எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை, வாசல் தாண்டவே மாட்டேன் என்றார். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகுங்கள், தொடைக்குப் பலம் வரும். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். கண்ணாடி பவர் சரிபாருங்கள். தலைசுற்றல் இருந்தால் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். பஸ் முழுசாக நின்ற பிறகு எழுந்திருங்கள்.

வயல்வரப்பு:
அக்கா, எங்கள் அம்மாவுக்குத் தொடையில் பலம் நிறையவே இருக்கிறது. போக இடம்தான் இல்லாமல் போச்சு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உயிர் காப்பது. ஆனால் அம்மா முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய், வரிசையில் நாலு பேரிடம் கதை பேசி, திரும்பும்போது கீரை வாங்கி வருவார். போன மாதம் மாத்திரை கொடுத்த பெண்ணிடம், "அங்கே கூட்டம் இருந்துச்சா? யாரெல்லாம் வந்தாங்க?" என்று விசாரித்தார்.

தஞ்சாவூர்ப்பொண்ணு:
@மாம்பலம் பென்ஷனர், பயம் என்றால் "பார்த்து உட்காருங்க பாட்டி" என்று சொல்லியிருப்பார் சார். @வயல்வரப்பு, மாத்திரை வீட்டுக்கு வரட்டும். அம்மாவைச் சந்தை நாளில் கீரை வாங்க நீங்களே கூட்டிப் போங்கள். வழியில் அவர் நின்று பேசினால் அவசரப்படுத்தாதீர்கள்.