நாற்று நட்டால் பெண், டிராக்டர் ஓட்டினால் விவசாயி

ஒரு நாளிதழின் டெல்டா பதிப்பில் பத்து வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். (அடையாள அட்டையில் அப்படித்தான் இருந்தது. விடைபெற்ற அன்று கொடுத்த ஷீல்டில் மட்டும் 'உதவி ஆசிரியை' ஆகிவிட்டேன்.)

குறுவை நேரம். ஒரே பக்கத்துக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் டிராக்டரில் ஒருவர். இன்னொன்றில் முழங்கால் சேற்றில் குனிந்தபடி பதினோரு பேர். 'உழவுப் பணியில் விவசாயி', 'நாற்று நடும் பெண்கள்' என்று படக்குறிப்பு எழுதினேன். எழுதியது நானேதான். மறுநாள் டீயோடு பேப்பரைப் பிரித்தபோதுதான் உறைத்தது. விவசாயி என்ற சொல் இருபாலுக்கும் பொது. ஆனாலும் அந்தப் பதினோரு பேருக்கு அதைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

அடுத்த முறை 'நடவு செய்யும் விவசாயிகள்' என்று போட்டேன். "அவங்க கூலிக்கு வந்தவங்கம்மா" என்று மூத்தவர் ஒருவர் அடித்துத் திருத்தினார். டிராக்டர்காரர் மட்டும் என்ன, அவரும் வாடகைக்கு ஓட்ட வந்தவர்தான்!

தலைப்பில் கதை வேறு. 'பெண் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட்', 'பெண் டாக்டர் வீட்டில் திருட்டு'. 1993-ல் வசந்தகுமாரி முதல் பெண்ணாக அரசுப் பேருந்து ஓட்ட வந்தபோது 'பெண் ஓட்டுநர்' என்று எழுதினால் சரி, அதுதானே செய்தி. தமிழ்நாட்டுக் காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். இன்னுமா அந்த ஒட்டு?

* * *

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 'கலெக்டர் ஆய்வு செய்தார், கலெக்டர் உத்தரவிட்டார்' என்று பேப்பரில் ஆறு மாதமாகப் படித்துவிட்டு, மனுநீதி நாளில் மனுவோடு போய் நின்றேன். உள்ளே இருந்தவர் அம்மா. மனுவில் 'ஐயா' என்று எழுதியிருந்தேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். '-ஆர்' விகுதி நல்ல மரியாதைதான், ஆனால் மறைக்கவும் செய்கிறது. அதனால் 'பெண்' என்ற ஒட்டே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

* * *

எங்கள் அத்தை 2019 தேர்தலில் ஜெயித்து ஊராட்சி மன்றத் தலைவர் ஆனார். குடிநீர்த் தொட்டி திறப்பு விழா பேப்பரில் வந்தது. செய்தியில் 'ஊராட்சி மன்றத் தலைவி'. படத்தில் ரிப்பன் வெட்டுவது மாமா. ஓரத்தில் பாதிப் புடவை தெரிகிறது, அதுதான் அத்தை. அந்தப் பேப்பர் துண்டை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.