மயிலிறகு குட்டி போடாது: நெல்லைச் சீமைச் சின்ன வயசுச் சங்கதிகள்

பொருநைக்கரை:
நுங்கு வண்டி, பொன்வண்டு, கார்த்திகைக்குப் பொறி பறக்கச் சுத்துற மாவலின்னு பேரைச் சொன்னதும் "அது ஒரு காலம்"னு பெருமூச்சு விட்டுட்டுப் போயிருதோம். எப்படிச் செய்யணும், அதுல எது நிசம், எது நாமளா நம்பிக்கிட்டதுன்னு கேட்டா பாதிப் பேருக்குப் பதில் கிடையாது. தெரிஞ்சவங்க அளவு, செய்முறை சொல்லி எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம்.

மயிலிறகை நான் சொல்லிருதேன். புத்தகத்துக்குள்ள வச்சு, பென்சில் சீவின தூளைத் தீனியாப் போட்டா குட்டி போடும். வானத்தைக் காட்டினா போடாது. இந்த ரெண்டாவது விதியிலதான் சூட்சுமம் இருக்கு. திறந்து பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டா சோதிக்க வழி ஏது? இறகோட அடிப்பக்கத்துத் தூவி தண்டுல லேசாத்தான் ஒட்டியிருக்கும். புத்தகத்தைத் தூக்கி வைக்கும்போது ஒண்ணு ரெண்டு கழண்டு பக்கத்துல கெடக்கும். அதுதான் குட்டி. மயில் வருஷா வருஷம் தோகையை உதிர்க்கும். தோட்டம், விளையில கெடக்கிறதைப் பொறுக்கிக்கிடலாம். மயிலைப் பிடிச்சுப் பிடுங்கினா 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

உடைமரம்:
நுங்கு வண்டிக்கு ஒரே அளவுல, நுங்கைத் தோண்டித் தின்ன ரெண்டு வெறுங்காய் வேணும். ஒண்ணு சிறுத்தா வண்டி அந்தப் பக்கமே திரும்பிக்கிட்டுப் போகும். மூணு கண்ணும் கூடுற நடுச்சதைதான் உறுதியான இடம். விரல் கனத்துல, ஒரு சாண் நீளக் குச்சியை ரெண்டு முனையும் சீவி அங்கேதான் குத்தணும். நடு தப்பினா நொண்டும். தள்ளுறதுக்கு மூணு நாலடிக் கவைக்கம்பு போதும். ரெண்டு மூணு நாள்ல காய் வாடி ஓட்டை அகண்டு சக்கரம் கழண்டுரும். அப்புறம் மாட்டுக்கு.

ஓலைக் காத்தாடி இன்னும் லேசு. குருத்தோலையில ரெண்டு துண்டைக் குறுக்கே கோத்து, நடுவுல உடைமுள்ளால குத்தி, முள்ளைச் சோளத்தட்டையில ஏத்தணும். ஓட்டை முள்ளைவிடக் கொஞ்சம் பெருசா இல்லேன்னா சுத்தாது. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்துக்கு ஓடவே வேண்டாம், நின்னாலே சுத்தும்.

கடனாநதி:
பொன்வண்டைப் பத்தி யாருமே முழுசாச் சொல்லுறதில்ல, நான் சொல்லுதேன். மழை பெய்ஞ்ச பிறகு வேலமரத்துலயும் கொடுக்காப்புளியிலயும் வரும். காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னால மந்தமா இருக்கும், கையால எடுத்துரலாம். தீப்பெட்டியில ஊசியால ஓட்டை போட்டு, அது உக்காந்திருந்த மரத்தோட இலையையே வைக்கணும்.  ஈர இலை வச்சா பெட்டி வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

பெட்டிக்குள்ள முட்டை போட்டதும் ஊரே கூடிப் பார்க்கும். ஆனா அது ஒண்ணு கூடப் பிழைக்காது. பொன்வண்டு மண்ணுலதான் முட்டை போடணும். புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னு வளரணும். வளர்ந்த வண்டுக்கு ஆயுசே சில வாரம்தான். அந்தச் சில வாரத்தையும் நாம பெட்டிக்குள்ளயே முடிச்சிருதோம். கழுத்துல நூல் கட்டிப் பறக்கவிட்டா நூல் மூட்டுல அறுத்துரும். பிள்ளைகளுக்குக் காட்டணும்னா உள்ளங்கையில வச்சு நெறம் மாறுறதைக் காட்டிட்டு அதே கிளையில விட்டுருங்க. இது தெரிஞ்ச பிறகு பெட்டியைத் திறக்க யாருக்கும் பழைய சந்தோஷம் வராது, அது என்னமோ உண்மைதான்.

பொருநைக்கரை:
அக்கா, குழியானைக்கும் இதே கதைதானா?

கடனாநதி:
இல்ல தம்பி, அதுக்கு அவ்வளவு மோசம் இல்ல. தார்சாவுக்கு (வீட்டு முன்தாழ்வாரம்) வெளியே, மழை படாத காஞ்ச பூமணல்ல புனல் குழி தெரியும். மணலோட அள்ளிச் சிரட்டையில போட்டா பின்னாலயே நடந்து புதுக்குழி பறிக்கும். ஈரமணலா இருந்தா பறிக்க முடியாது. எறும்பு கெடைச்சாப் பல நாள் தாங்கும். யானையும் இல்ல, பூச்சியோட புழுப்பருவம்தான். றெக்கை முளைச்சா தட்டான் சாடையில இருக்கும். பாத்துட்டு எடுத்த இடத்துலயே கொட்டிருங்க.

தேரிமணல்:
மாவலி எங்க செம்மணல் தேரிக்காட்டுச் சொத்து. (1986-க்கு முன்ன நெல்லையும் தூத்துக்குடியும் ஒரே ஜில்லா, அதனால பங்கு கேக்கலாம்.) இதுக்கு அலகுப்பனை, அதாவது ஆண்பனையோட காஞ்ச பூ வேணும். கார்த்திகைக்கு முந்தின நாள் தேடினா மழையில நனைஞ்சதுதான் கெடைக்கும். கோடையிலேயே பொறுக்கிச் சாக்குல கட்டிப் பரண்ல போட்டுரணும்.

முழங்கால் ஆழக் குழியில போட்டுக் கொளுத்தி, நல்லாக் கனிஞ்சதும் ஓலையையும் மண்ணையும் போட்டுக் காத்துப் புகாம மூடுங்க. இங்கதான் எல்லாரும் கெடுக்காங்க. மூடத் தாமதிச்சா சாம்பலாயிரும், சாம்பல்ல பொறி வராது. சீக்கிரம் மூடினா பாதி வேகாத பூ நிக்கும், பொறிக்குப் பதிலாப் புகை வரும். மறுநாள் ஆறின பிறகு எடுத்து இடிச்சுச் சலிக்கணும். சிலர் கொஞ்சம் உப்புச் சேர்ப்பாங்க. கூடினா ஈரம் இழுக்கும், எனக்கு அது பிடிக்காது.

பழைய பருத்தி வேட்டித் துணியில ஒரு சாண் நீளத்துக்கு, பெருவிரல் கனத்துக்குக் கரியை இறுக்கிச் சுருட்டிக் கட்டணும். இறுக்கம் குறைஞ்சா ரெண்டு சுத்துல கொட்டிப்போகும். பச்சைப் பனைமட்டையை மூணு பத்தையாக் கீறி, நடுவுல வச்சு ரெண்டு முனையும் நாரால கட்டி, மூணு நாலடிக் கயிறு. ஒரு முனையில கங்கு வச்சு ஊதிட்டுச் சுத்தினா, காத்துப் பட்டுப் பட்டுக் கரி கனிஞ்சு பொறி வட்டமாக் கொட்டும்.

உடைமரம்:
அண்ணாச்சி, நைலான் கயிறு ஆகுமா? இப்பக் கடையில அதுதான் கெடைக்கு.

தேரிமணல்:
வேண்டாம் தம்பி. சூடு பட்டா உருகி அறுந்து, மாவலி கூட்டத்துக்குள்ள போயி விழும். தேங்காய்நார்க் கயிறு எடுத்து, மட்டைப் பக்கத்து ஒரு முழத்தை நனைச்சுக்கோங்க. பாலியஸ்டர் கலந்த துணியும் கூடாது, உருகித் தோல்ல ஒட்டும். சுத்துறவங்க உடுப்பும் பருத்தியா இருக்கணும். வைக்கப்போர், ஓலைக்கூரைப் பக்கம் போகாம, காத்து எந்தத் திசையில அடிக்குன்னு பாத்துச் சுத்துங்க. அணைக்கத் தண்ணி ஊத்தினாப் போதாது, உள்ளே கங்கு கெடக்கும். மண்ணுல புதைச்சிருங்க.