புதுப்பிப்பு: கம்பு மாவில் காறல், இரும்பு அளவில் குழப்பம்

இரும்புச்சத்து மிகுந்த தனசக்தி என்ற கம்பு ரகம் பற்றிய முந்தைய இழையில், அரைத்த மாவு சில நாளிலேயே காறுவது (கொழுப்பு கெட்டு நாறுவது) ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கிடங்கின் ஈரம் மட்டுமல்ல; கம்பில் ஏறக்குறைய 5 சதவீதம் கொழுப்பு. அரைத்ததும் லைப்பேஸ் நொதி அதைச் சிதைக்கத் தொடங்கிவிடும்.

அந்த நொதியைச் சூட்டால் முடக்க, முழுத் தானியத்தை ஐந்து மடங்கு நீரில், 98 டிகிரியில், 30 விநாடி முக்கி, உடனே வடித்து, 50 டிகிரியில் உலர்த்தியபின் அரையுங்கள். தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் நீரின் சூடு இறங்கி நொதி தப்பிவிடும். அரைகுறையாக உலர்ந்தால் பூஞ்சைதான். மூக்கை நம்பாமல் வாராவாரம் மாவின் அமில எண் (கொழுப்பு சிதைந்து வந்த அமிலத்தின் அளவு) பாருங்கள்.

இரும்பை அளக்கும் புதிய ஆய்வாளர்கள் கவனிக்க: எஃகு மில்லின் தேய்மானமே அளவைக் கூட்டிக் காட்டும். இரும்பு அளக்கும் மாதிரியை அகேட் என்ற கடினக் கல் உரலில் அரையுங்கள். மண்ணில் அலுமினியம் அதிகம், தானியத்தில் மிகக் குறைவு; அதையும் சேர்த்து அளந்தால், ஒட்டியிருக்கும் மண் தெரிந்துவிடும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.