‘சாட்டிஸ்ஃபேக்டரி அகாடமிக் ப்ரோக்ரஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கான நிதியுதவிக் கையேட்டில் மற்ற பக்கங்கள் எல்லாம் தமிழில் வந்துவிட்டன. ‘சாட்டிஸ்ஃபேக்டரி அகாடமிக் ப்ரோக்ரஸ்’ பக்கம் மட்டும் சொல் இல்லாமல் நிற்கிறது. கல்லூரி அலுவலகங்கள் ‘சாப்’ (எஸ்.ஏ.பி.) என்று சுருக்கிச் சொல்கின்றன. நம்மில் மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே அதே பெயருள்ள மென்பொருள் நிறுவனம்தான் நினைவுக்கு வரும். ஆகவே சுருக்கத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத கூட்டரசு உதவித்தொகை), கூட்டரசு மாணவர் கடன், வொர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே பார்க்கும் பகுதிநேர வேலை) ஆகிய உதவிகள் தொடர வேண்டுமானால் மாணவர் மூன்று அளவுகளில் தேற வேண்டும். ஒன்று, மதிப்பெண். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பில், இரண்டாம் கல்வியாண்டு முடியும்போது ‘சி’ சராசரியோ, பட்டம் பெறக் கல்லூரி கேட்கும் நிலைக்கு ஒத்த தரமோ இருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் ஜி.பி.ஏ. (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.0 என்று வைத்திருக்கின்றன. இரண்டு, எடுத்த கிரெடிட்டில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) எத்தனை பங்கை முடித்தார் என்பது. மூன்று, உச்ச காலவரம்பு. இளநிலைப் பட்டத்துக்கு இது படிப்பின் அளவில் 150 விழுக்காடு. 120 கிரெடிட் படிப்பென்றால் 180 கிரெடிட் எடுப்பதற்குள் முடிக்க வேண்டும். இரண்டாம் அளவுக்குப் பல கல்லூரிகள் வைத்திருக்கும் 67 விழுக்காடு இதிலிருந்துதான் பிறக்கிறது: 120ஐ 180ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு.

‘திருப்திகரமான கல்வி முன்னேற்றம்’ என்ற நேர்ச்சொல் எனக்கு உடன்பாடில்லை. ‘திருப்தி’ என்றால் யாரோ ஓர் ஆசிரியர் பார்த்து மனநிறைவு அடைந்தார் என்று படுகிறது. இங்கே யாருடைய மனநிறைவும் இல்லை, கணக்குதான். ‘உதவித் தொடர்தகுதி’ என்று முன்மொழிகிறேன். ‘தொடர்தகுதி இழந்தார்’, ‘தொடர்தகுதியை மீட்டார்’ என்று வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது. இரண்டாம் அளவான ‘பேஸ்’ என்பதற்கு ‘படிப்பு வேகம்’ போதும் என நினைக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

*

ஐயா, வணக்கம்.

> ‘உதவித் தொடர்தகுதி’ என்று முன்மொழிகிறேன்.

சொல் அழகாக இருக்கிறது, ஆனால் வீச்சு அதிகம். உதவி தொடர்வதற்கு வேறு நிபந்தனைகளும் உண்டு: ஆண்டுதோறும் ஃபாஃப்சா என்ற கூட்டரசு உதவி விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், பழைய கூட்டரசுக் கடன் தவணை தவறிக் கிடக்கக் கூடாது, குடியுரிமையோ, கிரீன் கார்டோ, ஏற்கப்பட்ட வேறு குடியேற்றத் தகுதியோ வேண்டும் (எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவருக்கு இந்த உதவியே இல்லை). ‘தொடர்தகுதி’ என்றால் இவை எல்லாமே அதற்குள் வந்துவிடும். நமக்கு வேண்டியது அவற்றில் ஒன்றின் பெயர் மட்டும். ‘போதிய கல்வி முன்னேற்றம்’ என்று வைக்கலாம். ‘போதிய’ என்பதில் குறைந்தபட்ச அளவு ஒன்று இருக்கிறது என்ற குறிப்பு தானாகவே வந்துவிடுகிறது.

‘படிப்பு வேகம்’ வேண்டவே வேண்டாம். அது தவறான பொருள் தரும். ஒரு பருவத்தில் 6 கிரெடிட் மட்டும் எடுத்து இரண்டு பாடத்திலும் தேறிய பகுதிநேர மாணவருக்கு இந்த அளவு 100 விழுக்காடு. 18 கிரெடிட் எடுத்து 9 மட்டும் முடித்தவருக்கு 50. வேகமாகப் போனவர் இரண்டாமவர்தான், தகுதியை இழப்பவரும் அவர்தான். ‘வேகம்’ என்று எழுதினால் பெற்றோர் கூடுதல் பாடம் எடுக்கச் சொல்லிப் பிள்ளையைத் தள்ளுவார்கள். ‘நிறைவு வீதம்’ என்று எழுதுவோம். ‘எடுத்த கிரெடிட்’, ‘முடித்த கிரெடிட்’ என்ற இரண்டும் போதும். ‘அட்டெம்ப்டெட் கிரெடிட்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘முயன்ற அலகு’ என்றெல்லாம் எழுத வேண்டாம்.

*

அம்மா,

‘போதிய கல்வி முன்னேற்றம்’, ‘நிறைவு வீதம்’ இரண்டையும் மனமார ஏற்கிறேன். கல்லூரி மின்னஞ்சலில் அந்த மூன்றெழுத்துதான் வரும் என்பதால், முதல் இடத்தில் மட்டும் ‘சாப்’ என்பதையும் பக்கத்தில் போட்டுவிடலாம்.

இன்னொரு சொல்லில் கவனம் வேண்டும். வரைவில் தோற்ற பாடத்துக்கு ‘அரியர்’ என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அரியரை எழுதித் தேறிவிட்டால் அதோடு தீர்ந்தது. இங்கே தீராது. 3 கிரெடிட் பாடத்தில் ‘எஃப்’ வாங்கி, மறுபடி எடுத்துத் தேறினால் எடுத்தது 6, முடித்தது 3. பல கல்லூரிகளில் ஜி.பி.ஏ. கணக்கில் புதிய மதிப்பெண் பழையதை நீக்கிவிடும். அதைப் பார்த்து வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள், நிறைவு வீதத்தில் இருக்கும் பள்ளம் கண்ணில் படுவதில்லை. ஆகவே ‘தேறாத பாடம்’ என்றே எழுதுவோம்.

‘ட்ராப்’, ‘வித்ட்ரா’ இரண்டுக்கும் ஒரே சொல் போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். இதில் பிசகினால் குடும்பத்தின் பணமே போகும். பருவத் தொடக்கத்தில் பாடம் சேர்க்கவும் நீக்கவும் கல்லூரி தரும் நாட்களுக்குள் நீக்கினால், பொதுவாக அந்தப் பாடம் எடுத்த கணக்கிலேயே வராது. அந்தக் கெடு போனபிறகு விலகினால் சான்றில் ‘டபிள்யூ’ விழும். ஜி.பி.ஏ.யை அது தொடாது, ஆனால் எடுத்த கிரெடிட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதலாவதற்குப் ‘பதிவு நீக்கம்’, இரண்டாவதற்குப் ‘பாட விலகல்’ என்று பிரித்து எழுதலாமா?

ஓர் எடுத்துக்காட்டையும் அதே பக்கத்தில் சேர்க்கலாம். முதல் பருவத்தில் 15 கிரெடிட் எடுத்தவர் ஒரு பாடத்தில் தோற்று, ஒன்றிலிருந்து விலகி, 9 முடித்தால் வீதம் 60. அடுத்த பருவம் 12 எடுத்து எல்லாம் முடித்தால் 27க்கு 21, அதாவது 77.8, மீண்டுவிட்டார். இரண்டு ஆண்டு இப்படியே ஓடி 60க்கு 36 என்று நின்றால், 12 கிரெடிட் முழுக்கத் தேறினாலும் 72க்கு 48, சரியாக 66.67தான். கல்லூரி விதியில் 67 என்று இருந்து முழுமையாக்க இடமில்லையென்றால் அதுவும் போதாது. முன்னதாகப் பார்ப்பவருக்கு வழி எளிது என்பதைப் பெற்றோர் இந்த எண்களிலேயே கண்டுகொள்வார்கள்.

*

ஐயா,

‘பதிவு நீக்கம்’, ‘பாட விலகல்’ பிரிவு மிகத் தேவையானது, அப்படியே வைப்போம். உச்ச காலவரம்புப் பத்தியில் ஒரு திருத்தம்: 180ஐத் தொடும்வரை உதவி வரும் என்று படுகிறது. இனி எல்லாவற்றிலும் தேறினாலும் 180க்குள் முடிக்க வழியில்லை என்று கணக்கில் தெரிந்த அன்றே தகுதி போய்விடும். வேறு கல்லூரியிலிருந்து ஏற்கப்பட்ட கிரெடிட் எடுத்ததிலும் முடித்ததிலும் சேரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அளவில் தவறியவர் கடக்கும் நிலைகளின் பெயர்கள் மீதி. ‘வார்னிங்’ என்பதற்கு ‘எச்சரிக்கைப் பருவம்’ சரி. ஒவ்வொரு பருவமும் சரிபார்க்கும் கல்லூரிகளில் மட்டுமே இது உண்டு. மனு எதுவும் இல்லாமலே ஒரு பருவத்துக்கு உதவி தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் கல்லூரியில் இந்தப் படி இல்லை, நேரே நின்றுவிடும்.

மனு ஏற்கப்பட்டபின் உதவி தொடரும் நிலையான ‘ப்ரொபேஷன்’ என்பதற்கு வரைவில் உள்ள ‘நன்னடத்தைக் காலம்’ நீதிமன்றச் சொல். பிள்ளை என்ன குற்றம் செய்தது? அரசுப் பணியில் வழங்கும் ‘தகுதிகாண் பருவம்’ நம்மவர் எல்லாருக்கும் தெரிந்தது, பொருளும் பொருந்துகிறது.

‘அப்பீல்’ என்பதை ‘மேல்முறையீடு’ என்றால் மேலே யாரோ இருக்கிறார்கள் என்று ஆகும். கல்லூரியின் முடிவே இறுதி. கூட்டரசுக் கல்வித் துறைக்கு எடுத்துப்போக வழியில்லை. ‘மறுபரிசீலனை மனு’ என்போம். மனுவில் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும்: ஏன் தவறியது (உறவினர் இறப்பு, காயம், நோய், அல்லது வேறு சிறப்புச் சூழல்), இப்போது என்ன மாறியிருக்கிறது. முதல் கேள்விக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதி இரண்டாவதை விட்டுவிட்டால் மனு தள்ளுபடியாக அதுவே போதும். மருத்துவச் சான்று இருந்தால் இணைக்க வேண்டும். ஒரே பருவத்தில் மீள முடியாதவருக்குக் கல்லூரி வகுத்துத் தரும் ‘அகாடமிக் ப்ளான்’ என்பதற்குச் சொல் இன்னும் இல்லை. ‘மீட்புப் பாடத்திட்டம்’ என்றால் ‘பாடத்திட்டம்’ சிலபஸோடு குழம்புகிறது. ‘படிப்பு மீட்புத் திட்டம்’ எப்படி?